கான்ட் படித்தால் வேலை கிடைக்குமா?

தத்துவத்தில் எம்.ஏ. முடிக்கப்போகும் மகள், கான்ட் போன்ற 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவவாதிகளின் அழகியலையும் (அழகு, ரசனை பற்றிய தத்துவம்) சூழல் அழகியலையும் (இயற்கையையும் சுற்றுப்புறத்தையும் ரசிப்பது பற்றியது) இணைத்து அமெரிக்காவில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள், கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அங்கே நல்ல தத்துவத் துறைகள் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கும் வேலைக்கு ஸ்டைபண்டும் (வாழ்க்கைச் செலவுக்கான தொகை) தருகின்றன. இந்த இரண்டும் சேர்க்கைக் கடிதத்தில் எழுத்தில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் வேண்டாம். படிப்பு 5 முதல் 7 ஆண்டு ஆகும். பிரிட்டனில் 3-4 ஆண்டில் முடியும். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே முழு உதவித்தொகை குதிரைக்கொம்பு.

வேலைக்கு வருவோம். சூழல் அழகியலுக்கென்றே பேராசிரியர் தேடும் விளம்பரம் அபூர்வம். டெகார்ட் முதல் கான்ட் வரையிலான 17, 18-ஆம் நூற்றாண்டுத் தத்துவத்தை நடத்தத் தெரிந்தவர், அல்லது சூழல் அறவியல் எடுப்பவர் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஆக, சோறு போடப்போவது அந்தக் காலத் தத்துவமும் அறவியலும். அழகியல் அவளுடைய ஆய்வு. சோறு போடும் அந்த இரண்டிலும் ஒரு பாடமாவது தனியாக நடத்திய அனுபவத்தோடு வெளியே வரட்டும். பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையில் ஊர் ஊராக மாறவேண்டியிருக்கலாம்.

சேர்க்கையில் மதிப்பெண்ணைவிடக் கனமானது மாதிரிக் கட்டுரை. பெரும்பாலும் 15-20 பக்கம். பலர் சறுக்குவது இங்கேதான். பாம்கார்ட்டன் (1750), பர்க் (1757), கான்ட் (1790), ஹெப்பர்ன் (1966) என்று அழகியல் எழுத்தாளர்களை ஆண்டுவாரியாக அடுக்கி வரலாறு எழுதிவிடுகிறார்கள். சேர்க்கைக் குழு தேடுவது ஒரே ஒரு வாதத்தை. கான்ட்டின் 1790 நூலில் (ஆங்கிலத்தில் Critique of Judgment) 42-ஆம் பகுதியைப் பாருங்கள்: விருந்தினரை மகிழ்விக்க ஒரு சத்திரக்காரர், வாயில் நாணலோடு ஒரு பையனைப் புதருக்குள் ஒளித்துவைத்து நைட்டிங்கேல் பறவை போலக் கூவவைக்கிறார். குட்டு வெளிப்பட்டதும் யாருக்கும் அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. ஒலி அதேதான், கெட்டது எது? இயற்கையை முறையாக ரசிக்க அறிவியல் அறிவு வேண்டும் என்கிற சூழல் அழகியல் அறிஞர் ஆலன் கார்ல்சனை இந்தப் புதரருகே நிறுத்திக் கேள்வி கேட்டால், இரண்டு நூற்றாண்டும் ஒரே கட்டுரைக்குள் வந்துவிடும்.

ஜெர்மனை இப்போதே தொடங்கட்டும்; கான்ட் ஆய்வுக்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. சென்னையில் கதே இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

விண்ணப்பக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். பரிந்துரைக் கடிதம் மூன்று தேவைப்படும். எழுதித்தரும் பேராசிரியர்களிடம் ஆகஸ்டிலேயே கட்டுரை வரைவைக் கொடுத்துவிட வேண்டும். இடம் கிடைத்தால், பல பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் உண்டு. அதற்குள் ஒன்றை எழுதிக் கேட்டுவிடுங்கள்: ஸ்டைபண்ட் 12 மாதத்துக்கா, 9 மாதத்துக்கா? கோடையில் வாடகைக்கு வழியில்லாமல் திண்டாடுகிறவர்கள் இதைக் கேட்காமல் போனவர்கள்தான்.