கொட்டை எழுத்தும் பொடி எழுத்தும்

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்கினால் மிச்சம் என்று நம்பி எப்போதும் அதையே எடுத்து வருவேன். போன வாரம் என் மகள் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்து, "அம்மா, சின்னது ரெண்டு எடுத்தா இதைவிடக் கம்மி" என்கிறாள். கடைத் தட்டில் ஒட்டியிருந்த விலைச் சீட்டில் 'சிக்கன பாக்கெட்' என்று வேறு போட்டிருந்தது. இது ஏமாற்று இல்லையா?

பதில்: மகளின் கணக்கு சரியாகத்தான் இருக்கும். பெரியது என்றால் மலிவு என்பது நாமாக வைத்திருக்கும் நம்பிக்கை. விற்பவருக்கும் அது தெரியும், அதனால் சில சமயம் கிராம் கணக்கில் பார்த்தால் பெரிய பாக்கெட்டே விலை கூடுதலாக இருக்கும். 'சிக்கனம்' என்று போட்டிருக்கிறார்களே, எதைவிடச் சிக்கனம் என்று எங்காவது போட்டிருந்ததா?

சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. அதிலும் ஒரு சில்மிஷம் உண்டு: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருளில் ஒன்றுக்கு 100 கிராம் விலையும் இன்னொன்றுக்குக் கிலோ விலையும் போட்டிருப்பார்கள், அவசரத்தில் பார்த்தால் முதலாவது கொள்ளை மலிவாகத் தெரியும். சீட்டில் இந்த எண்ணே இல்லையென்றால் மகளின் செல்போன்தான் கதி.

அப்புறம், விலையை ஏற்றாமலே ஏற்றும் வித்தை. அதே உறை, அதே விலை, உள்ளே மட்டும் 500 கிராம் 450 ஆகியிருக்கும். 10% தானே குறைந்தது என்று தோன்றும், ஆனால் கிலோவுக்கு விலை 11% ஏறிவிட்டது. பிரான்சில் 2024 ஜூலையிலிருந்து, இப்படி அளவு குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அறிவிப்பு வைத்தாக வேண்டும்.

சலுகைகளும் இதே ரகம்தான். '50% கூடுதல் இலவசம்' என்றால் கை தானாகப் போகிறது, '33% தள்ளுபடி' என்றால் யோசிக்கிறோம், கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 'இரண்டாவது பாதி விலை' என்பது மொத்தத்தில் 25% தான், அதுவும் உங்களுக்கு இரண்டு தேவைப்பட்டால்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். அச்சடித்த எண்கள் பொய்யில்லை என்பதால் கேட்டால் தப்பித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், எதைக் கொட்டை எழுத்தில் போடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்தவருக்கு நம்மிடம் நேர்மையாக நடக்கும் எண்ணம் இல்லை.

கேள்வி: தட்டில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, பில்லில் வருவது வேறு. எது சரி?

பதில்: பார்கோடுக்குள் பொதுவாக விலை இருக்காது, பொருளின் எண் மட்டும்தான், விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சலுகை முடிந்ததும் அங்கே மாற்றிவிடுவார்கள், தட்டில் ஒட்டிய காகிதத்தை யாராவது நடந்து போய்க் கிழிக்க வேண்டும், அது அப்படியே நிற்கும். தட்டில் எழுதிய விலையைக் கேட்பதில் தவறே இல்லை. சந்தேகம் இருந்தால் சீட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டு, பில்லை அந்த இடத்திலேயே நின்று பாருங்கள். நான் ஒருமுறை பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டில் பிரித்தால் மூன்று பொருளுக்கு விலை வேறு. திரும்பிப் போய்க் கேட்கச் சோம்பல், விட்டுவிட்டேன்.