நாவலை முடித்த எழுத்தாளருக்கு ஏன் துயரம் வருகிறது?

பல மாதங்கள் உழைத்து ஒரு நாவலை முடித்தவர் மகிழத்தானே வேண்டும், அவர் ஏன் வருந்துகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் ஒரே வேளையில் வருகின்றன.

இதற்கு ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸைவிடத் தெளிவான சாட்சி இல்லை என்பேன். அவருடைய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவல் 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1850 அக்டோபரில், எழுத இன்னும் மூன்று பக்கங்களே எஞ்சியிருந்தபோது நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடையே மனம் பிளவுபட்டு நிற்பதாகவும், தம்மில் ஒரு பகுதியையே நிழல் படிந்த ஓர் உலகத்துக்கு அனுப்பிவைப்பதுபோல் தோன்றுவதாகவும் அவர் சொல்கிறார். அதற்கு முன்பே ஏழு நாவல்களை முடித்தவர் அவர். அனுபவம் அந்த வலியை மழுங்கடிக்கவில்லை.

காரணம் எளிது. எழுதும் காலமெல்லாம் பாத்திரங்கள் நாள்தோறும் எழுத்தாளரிடம் ஏதோவொரு முடிவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: இவள் மன்னிப்பாளா, அவன் திரும்பி வருவானா? கடைசி வரியோடு அந்தக் கேள்விகள் நின்றுவிடுகின்றன. அச்சேறியபின் அவர்களுக்காக அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை, இனி அவர்கள் வாசகரின் பொறுப்பு.

எல்லோரும் இப்படித் தவிப்பதில்லை. இன்னோர் ஆங்கில நாவலாசிரியரான ஆந்தனி டிரோலோப் ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியவர். ஆனால் அவரும்கூட, 1867-இல் ஒரு நாவலில் தாம் சாகடித்த திருமதி பிரௌடி என்ற பாத்திரத்தின் ஆவியோடு இன்னமும் வாழ்ந்துவருவதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.