டைரியில் இருப்பது கொரிய மொழியா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறாள். கொரியப் பாடகன் ஒருவனைச் சாதாரணப் பெண் காதலிப்பதாக வரும் ஆங்கில நாவலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். புரட்டிப் பார்த்தேன், முத்தக் காட்சியெல்லாம் இருக்கிறது. பறித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் மதிப்பெண் சரிந்துவிட்டது. முன்பெல்லாம் டைரியைத் தமிழில் எழுதுவாள். இப்போது அதையும் கொரிய எழுத்தில்தான் எழுதுகிறாள். கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். ஒன்றும் விளங்கும்படி வரவில்லை. கரூர்ப் பக்கம் சிறுமிகள் கொரியாவுக்குக் கிளம்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். இந்தப் பைத்தியத்திலிருந்து அவளை எப்படி மீட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: நாவலைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் முதலில் ஒதுக்கி வைக்கிறேன். ‘முன்பெல்லாம் டைரியைத் தமிழில் எழுதுவாள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளே காட்டினாளா? காட்டியிருந்தால் அதைப் பெருமையாக எழுதியிருப்பீர்கள். நீங்களே எடுத்துப் படித்திருக்கிறீர்கள். ஒருமுறையோடு நிறுத்தவும் இல்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் எழுத்தை மாற்றிவிட்டாள்.

மொழிபெயர்ப்பு ஏன் வரவில்லை என்று யோசித்தீர்களா? கொரிய மொழியைக் கற்க ஆண்டுக்கணக்கில் ஆகும்; அதன் எழுத்தைக் கற்கச் சில நாட்கள் போதும். அடிப்படை எழுத்துகள் மொத்தமே 24. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும், நம் உயிர்மெய் மாதிரி. அதை வைத்துத் தமிழையே எழுதலாம். லகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே எழுத்துதான், ழகரத்துக்கு எதுவுமே கிடையாது. ஆனாலும் எழுதியவளுக்குப் புரிந்துவிடும். கைப்பேசிக்குத்தான் புரியாது. உங்கள் மகள் எழுதுவது பெரும்பாலும் தமிழாகத்தான் இருக்கும். பாடகனுக்குக் காதல் கடிதம் என்று நீங்கள் பயந்த பக்கங்களில் ‘அம்மா’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறதோ!

அந்த எழுத்தின் கதையையும் கேளுங்கள். சீன எழுத்து கற்காத எளிய மக்கள், மனதில் இருப்பதை எழுத வழியில்லாமல் இருக்கிறார்களே என்று வருந்திய செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி, 1446-இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து அது. நாமக்கல்லில், சொந்த வீட்டில், தாய்மொழியில் மனதைக் கொட்ட முடியாத ஒரு பெண்ணுக்கும் உதவியிருக்கிறது. இதில் வெட்கப்பட வேண்டியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நாவல். இந்த வகையில் சிலவற்றை நானும் படித்திருக்கிறேன். பெரிய இலக்கியம் என்று சொல்லமாட்டேன். தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நள்ளிரவில் கடையில் நூடுல்ஸ் சாப்பிட வருகிற பாடகன், அவன் யாரென்றே அறியாத ஒரு பெண், பாதிப் புத்தகம் தாண்டிய பிறகு ஒரு முத்தம். வார இதழ்த் தொடர்கதைகளைப் போட்டி போட்டுப் படித்து வளர்ந்த நாம் இதற்குப் பதறுவது வேடிக்கைதான். மகள் தன்னை அந்தக் கதாநாயகியாக நினைத்துக்கொள்கிறாள் என்பது உங்கள் பயம். எனக்கென்னவோ, அவள் தன்னை அந்தப் பாடகனிடம்தான் காண்கிறாள் என்று தோன்றுகிறது. பள்ளி வயதிலேயே இசை நிறுவனத்தில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி, உடல் எடைக்குக்கூட அடுத்தவர் கணக்கு, கைப்பேசி மேலாளரிடம், மேடை ஏறும்வரை காதல் கூடாது என்ற கட்டளை. பிளஸ் டூ படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது அன்னிய தேசத்துக் கதையாகத் தெரியாது.

நிஜத்திலும் அங்கே அப்படித்தான் நடக்கிறது. ஏஸ்பா என்ற கொரியப் பெண்கள் பாட்டுக் குழுவின் பாடகி கரினா ஒரு நடிகரைக் காதலிப்பது 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. கண்டன வாசகம் ஓடும் மின்பலகை பொருத்திய லாரியை ரசிகர்கள் அவருடைய நிறுவனத்தின் வாசலுக்கே அனுப்பினார்கள். 23 வயதுப் பெண், கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி வெளியிட்டார். ஏப்ரலில் அந்தக் காதல் முறிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எவ்வளவு பணமும் நேரமும் கொட்டினோம், எங்களுக்கே இப்படிச் செய்யலாமா என்பதுதான் அந்த ரசிகர்களின் ஆத்திரம். ‘உனக்காக எவ்வளவு செய்தோம்’ என்று நாம் பிள்ளைகளிடம் கேட்கும்போது இருக்கும் தொனியே தான் இது.

கரூர்ச் செய்தியை இழுத்து வராதீர்கள். 2024 ஜனவரியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்ட அந்த மூவருக்கும் வயது 13. உங்கள் மகள் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை; வீட்டுக்குள்ளேயே ஒளிய இடம் தேடியிருக்கிறாள்.

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள் என்று நான் எந்தக் காலத்திலும் எழுதியதில்லை. 17 வயதுப் பெண் எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்பது பெற்றவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குக் கைப்பேசி இல்லாமல் வந்து உட்கார வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க வேண்டும். இதிலெல்லாம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் அவள் மனதுக்குள் ஓடுவதைக் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்ற கடமை அவளுக்குக் கிடையாது. அதை அவளாக வந்து சொல்லும்படி நடந்துகொள்வது உங்கள் கடமை. அதில்தான் தவறிவிட்டீர்கள்.

பீரோவைத் திறந்து புத்தகத்தை அவள் கையில் கொடுங்கள். மேசைமேல் வைத்துவிட்டு நழுவக் கூடாது. ‘உன் டைரியைப் படித்தேன், தப்பு செய்துவிட்டேன்’ என்று சொல்லுங்கள். ‘எல்லாம் உன் நல்லதுக்குத்தான்’ என்று நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். உடனே கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். முறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்தட்டும். மறுபடி தமிழில் எழுதத் தொடங்கினாளா என்று போய்ப் பார்ப்பதாக இருந்தால், மன்னிப்பே கேட்க வேண்டாம்.

அவள் அப்பாவைப் பூச்சாண்டியாகக் காட்டுவதையும் நிறுத்துங்கள். நீங்களே இன்று அவரிடம் சொல்லுங்கள். மகள் ஒரு நாவல் படித்ததற்கு வீடு இரண்டாகும் என்றால், அது வேறு சங்கதி. தனிக் கடிதமாக எழுதுங்கள்.

இயற்பியலை இந்தப் பேச்சோடு கலக்காதீர்கள். ஒரு வாரம் கழியட்டும். பிறகு விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் மதிப்பெண் போனது என்று கேளுங்கள். நாவலால்தான் போனது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டு உட்காராதீர்கள். மின்னோட்டவியல் புரியவில்லை என்று சொன்னால், பள்ளிக்குப் போய் இயற்பியல் ஆசிரியையைப் பார்ப்பது உங்கள் வேலை.