மிஸ்த்ராஸை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் ஐயா,

பள்ளியில் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். செப்டம்பரில் என் கணவர், ஜெர்மனியில் இருக்கும் மகள், நான் மூவரும் கிரீஸ் போகிறோம். ஆறு நாள், ஒரு வேன், கூடவே வழிகாட்டி. ஏதென்ஸில் கிளம்பி மைசீனி, எபிடாரஸ், மிஸ்த்ராஸ், ஒலிம்பியா, டெல்பி, ஓசியோஸ் லூக்காஸ் மடாலயம் என்று ஏற்பாட்டாளர் பட்டியல் கொடுத்திருக்கிறார். வகுப்பில் பிளேட்டோவையும் சாக்ரட்டீஸையும் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மிஸ்த்ராஸும் லூக்காஸும் இடைக்காலத்துச் சர்ச்சுகளாமே? பிளேட்டோவுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் பிந்தியவை. அவற்றை எடுத்துவிட்டு சான்டோரினி தீவைப் பார்க்கலாம் என்கிறாள் மகள். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. அப்புறம், வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். நன்றாகப் படித்துவிட்டுப் போனால் போதாதா?

வ., ஈரோடு

*

அன்புள்ள வ. அவர்களுக்கு,

இரண்டையும் எடுக்காதீர்கள். நீங்கள் பிளேட்டோவுக்காகப் போகிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஏதென்ஸை விட்டால், உங்கள் பட்டியலில் பிளேட்டோவுக்கு மிக நெருக்கமான ஊர் மிஸ்த்ராஸ்தான்.

பிளேட்டோ எழுதியது நம் கைக்கு எப்படி வந்தது என்று வகுப்பில் சொல்ல நமக்கு நேரம் இருப்பதில்லை. அவர் கையால் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அவருடைய உரையாடல்களுக்கு இன்று இருக்கும் மிகப் பழைய முக்கியமான பிரதிகளில் ஒன்று கி.பி. 895இல் தோலில் எழுதப்பட்டது. எழுதச் சொன்னவர் பட்ராஸில் பிறந்த அரேதாஸ் என்ற கிறிஸ்தவ மதகுரு. எழுத்துக் கூலி 13 பொற்காசு, தோலுக்கு 8 பொற்காசு என்று கணக்கும் அதிலேயே இருக்கிறது. பின்னாளில் பேராயரான ஒருவர், தன் மதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தத்துவவாதிக்காக இவ்வளவு செலவழித்திருக்கிறார். அந்தப் பிரதி இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஒலிம்பியாவிலிருந்து டெல்பிக்குப் போகும்போது உங்கள் வேன் பட்ராஸை ஒட்டித்தான் போகும். 2004இல் திறந்த ரியோ பாலத்தில் கடலைத் தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், இடதுபுறம் தெரிகிற நகரத்தைப் பார்க்கும்போது அரேதாஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்த்ராஸின் கதை இன்னும் நேரடியானது. 1249இல் இரண்டாம் வில்லியம் என்ற பிராங்கிய (மேற்கு ஐரோப்பிய) இளவரசன் ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்து மலையுச்சியில் கோட்டை கட்டினான். போரில் தோற்றுச் சிறைப்பட்டவன், விடுதலைக்கு விலையாக 1262இல் அதைப் பைசாந்தியப் பேரரசுக்கு, அதாவது கான்ஸ்டான்டினோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசுக்கு, கொடுக்க வேண்டியதாயிற்று. கோட்டைக்குக் கீழே சரிவில் ஒரு நகரமே முளைத்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே உட்கார்ந்து பிளேட்டோவைப் பாடம் நடத்தியவர் கெமிஸ்டோஸ் பிளெத்தோன். 1439இல் திருச்சபை மாநாட்டுக்காக ஃப்ளாரன்ஸ் போனவர், அங்கே பிளேட்டோவைப் பற்றிப் பேசியதில் அந்த ஊர் அறிஞர்களுக்குப் பிளேட்டோ மேல் பித்துப் பிடித்தது. அரிஸ்டாட்டிலையே ஓதிக்கொண்டிருந்த மேற்கு ஐரோப்பாவில் பிளேட்டோ மறுபடியும் எழுந்த கதையில் இந்த மலைச்சரிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிளெத்தோன் மறைந்த பிறகு அவருடைய கடைசி நூலைக் கான்ஸ்டான்டினோபிளின் பேராயர் எரிக்கச் செய்தார். மறுபக்கம், மலடெஸ்டா என்ற இத்தாலியப் பிரபு படையோடு வந்தவன் அவருடைய எலும்புகளை எடுத்துப்போய் ரிமினி நகரத் தேவாலயத்தில் வைத்தான். இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு ஆசிரியருக்கு இப்படியும் ஒரு மரியாதை! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஊருக்குள் எதைப் பார்ப்பது? புனித தெமெத்ரியோஸ் பேராலயத்தின் தரையில் இரட்டைத்தலைக் கழுகு செதுக்கிய பளிங்குக் கல் ஒன்று பதித்திருக்கிறது. பைசாந்தியத்தின் கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனுக்கு அதன்மேல்தான் முடிசூட்டினார்கள் என்பது மரபுவழிக் கதை. 1449 ஜனவரி 6 அன்று அவர் மிஸ்த்ராஸில் பேரரசராக அறிவிக்கப்பட்டது வரலாறு. நான்கே வருடத்தில், 1453 மே 29 அன்று, கான்ஸ்டான்டினோபிள் விழுந்தபோது அவரும் மடிந்தார். 1460இல் மிஸ்த்ராஸும் ஒட்டோமான் துருக்கியர் கைக்குப் போனது. அந்தப் பேராலயத்துக்கு மேலே, சரிவில் இருப்பது பாந்தனாசா மடம். பாழடைந்த நகரத்தில் இன்னும் ஆள் வாழ்கிற இடம் அது ஒன்றுதான். கன்னியாஸ்திரிகள் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். முன்மண்டபத் தூண்களுக்கு நடுவே நின்றால் ஸ்பார்ட்டா சமவெளி முழுக்க ஆலிவ் தோப்பாக விரியும்.

பழைய ஸ்பார்ட்டாவில் பார்க்க அதிகம் இல்லை. இந்த நகரம் காலியாகிவிட்டால், மிச்சத்தைப் பார்க்கிற பிற்காலத்தார் இது இவ்வளவு வல்லமையாக இருந்தது என்று நம்பவே மாட்டார்கள் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் தியூசிடிடீஸ் எழுதிவிட்டார். மிஞ்சிய கற்களிலும் ஒரு பங்கு மிஸ்த்ராஸைக் கட்டத்தான் போனது. ஆக, ஸ்பார்ட்டாவைப் பார்க்கவும் மிஸ்த்ராஸுக்குத்தான் ஏற வேண்டும்.

இந்தக் கல் விஷயத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசை இருந்தால் பட்டியலில் இல்லாத ஒரு ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்பியிலிருந்து ஏதென்ஸ் திரும்பும் வழியில் லிவாதியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்கோமெனோஸ். அங்கே ஸ்கிரிப்பு என்ற தேவாலயத்தை 870களில் லியோ என்ற அரசு அதிகாரி கட்டினார். சுவரைக் கையால் தடவிப் பார்க்கலாம். பழங்காலத் தூண்களின் வட்டத் துண்டுகளை அப்படியே படுக்கவைத்து அடுக்கியிருக்கிறார்கள். இடையிடையே பழைய கல்வெட்டுகள். எதிரே பழங்கால அரங்கம், அதை ஒட்டி, பிளேட்டோவுக்கும் வெகுகாலம் முந்திய மைசீனிக் காலத்துத் தேனீக்கூட்டு வடிவக் கல்லறை. மூன்று காலமும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன.

லூக்காஸ் மடாலயம் டெல்பியிலிருந்து முக்கால் மணி நேரம். பத்தாம் நூற்றாண்டுச் சர்ச் ஒன்று, பதினோராம் நூற்றாண்டுச் சர்ச் ஒன்று, இரண்டும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி நிற்கும். பெரியதற்குள் நுழைந்ததும் நுழைமண்டபத்திலேயே நின்றுவிடுங்கள். பொன் பின்னணியில் சிறுகண்ணாடித் துண்டுகளால் ஆன சுவரோவியங்கள். சீடர்களின் கால்களை இயேசு கழுவும் காட்சியில் சீடர்கள் செருப்பு வாரை அவிழ்க்கிற விதத்தைப் பாருங்கள். ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழகத்தான் பொன் துலங்கும். பத்து நிமிடத்தில் கிளப்பினால் வழிகாட்டியிடம் சண்டை போட்டாவது இருங்கள்.

மைசீனி, எபிடாரஸ், ஒலிம்பியா, டெல்பி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். மைசீனியில் சிங்க வாசலோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. சாலையோரத்தில் அட்ரியஸ் கருவூலம் என்ற கல்லறைக்குள் கட்டாயம் போங்கள். வாசலின் உள்பக்க உத்தரக்கல் ஒன்றே நூறு டன்னுக்கு மேல்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், வேண்டும். மைசீனியையும் எபிடாரஸையும் நீங்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டே பார்த்துவிடுவீர்கள். பைசாந்தியச் சர்ச்சுக்குள் எந்தச் சுவரில் எந்தக் காட்சி ஏன் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று கைகாட்டிச் சொல்ல ஆள் தேவை. கிரீஸில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள்தான் தொல்லியல் தளத்துக்குள் வந்து விளக்கலாம். வேன் ஓட்டுபவரே எல்லாம் சொல்லுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் வாசலோடு நின்றுகொள்வார்.

சான்டோரினி அழகுதான், மகள் ஆசையில் தப்பில்லை. ஆனால் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணக் கப்பலில் போகவே ஏழெட்டு மணி நேரம், வேகக் கப்பலிலும் ஐந்து மணி பக்கம் ஆகிவிடும். அந்தத் தீவுக்கு இரண்டு இரவாவது வேண்டும். ஆறு நாளுக்குள் அதைத் திணித்தால் தீவும் கிடைக்காது, நிலமும் கிடைக்காது. மகளுக்குக் கடல் வேண்டுமென்றால் ஒரு இரவு நாஃப்ளியோவில் தங்குங்கள். நவீன கிரீஸின் ஆரம்பகாலத் தலைநகரம். பழைய தெருக்கள், மேலே வெனிஸ்காரர்கள் கட்டிய பாலமிடி கோட்டை, துறைமுகத்தை ஒட்டி சாப்பாட்டுக் கடைகள். மைசீனியும் எபிடாரஸும் அங்கிருந்து பக்கம்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். மிஸ்த்ராஸுக்கு இரண்டு வாசல். மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்களா? உங்கள் கணவருக்கு முழங்கால் எப்படியோ தெரியாது, அந்தச் சரிவை இறங்குவதே ஒரு வேலை, ஏறச் சொன்னால் பாதி ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். மூன்று மணி நேரமாவது அங்கே ஒதுக்கியிருக்கிறார்களா? லூக்காஸ் மடாலயத்துக்கும் பாந்தனாசாவுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலை கட்டிக்கொண்டு போகலாம், மேலே ஒரு சால்வை இருந்தால் போதும். ஆனால் காலில் நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படிக்கட்டுக் கற்கள் பல நூற்றாண்டாக மிதிபட்டு வழுவழுவென்று இருக்கும்.