மணற்தொட்டி அகழாய்வு புதையல் வேட்டையாக மாறாமலிருக்க

வணக்கம். நீங்கள் மணலில் புதைத்த பானை ஓடுகளை ஏழாம் வகுப்பு மாணவர்கள் பத்தே நிமிடங்களில் அள்ளியெடுத்துவிட்டார்கள், எதையும் கற்கவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. எல்லாமே ஒரே மணலில் கிடந்தால் எடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இராது.

அகலமான தொட்டியில் கீழே செம்மண், நடுவே சாம்பல் கலந்த மண், மேலே ஆற்றுமணல் என அடுக்கி, அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று பிள்ளைகள் உணரும்படி, அடியில் கறுப்பு-சிவப்பு ஓடுகளையும் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியையும் வையுங்கள். 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் கட்டங்கள் பிரித்துத் தோண்டியதைப் போல நீங்களும் நூல் கட்டி நான்கு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குழுவாக, ஒருவர் தூரிகையால் மண்ணை விலக்க, இன்னொருவர் ஆழத்தை அளக்க, மூன்றாமவர் வரைபடத்தாளில் இடத்தைக் குறித்த பிறகே பொருளை எடுக்கலாம் என்று விதி வையுங்கள். ஒரே பானையின் துண்டுகளை இரு கட்டங்களில், ஒரே அடுக்கில் பிரித்துப் புதைத்தால், குழுக்கள் தங்கள் குறிப்புகளை ஒப்பிட்டே அதை ஒட்டவேண்டியிருக்கும். என் கருத்தில் பாடத்தின் உயிர்நாடி இதுதான்.

கூரிய விளிம்புகளை முன்பே உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஊர்மேட்டில் (பழங்காலக் குடியிருப்பு இருந்த மேட்டில்) கிடைக்கும் பழைய ஓடுகளை இதற்காகப் பொறுக்காதீர்கள். குயவரிடம் உடைந்த பானைகளைக் கேட்டு வாங்கினாலே போதும்.