பிபிஎஃப் ஃபிலிம்: நாற்பதாயிரம் ரூபாயை வண்டியில் எங்கே ஒட்டுவது?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கருநீல நிறத்தில் காம்பாக்ட் எஸ்யூவி ஒன்று எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. வாரம் ஒருமுறை குடும்பத்தோடு சேலம் போய் வருவோம். மற்ற நாட்களில் ஊருக்குள்தான் ஓடும். பெயிண்டைக் காப்பாற்றும் பிபிஎஃப் ஃபிலிம் ஒட்டலாமென்று விசாரித்தால், முழு வண்டிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார்கள். என்னால் நாற்பதாயிரம் வரைதான் முடியும். எந்த இடங்களில் ஒட்டினால் போதும்? பானெட்டில் முன்பாதி மட்டும் ஒட்டினால் செலவு குறையும் என்கிறார்களே, செய்யலாமா?"

முழு வண்டிக்கும் உங்களுக்குத் தேவையில்லை. பாதி பானெட் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால், கடைக்காரர் எந்தப் பேக்கேஜைக் காட்டினாலும் உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஃபிலிம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதில் தெளிவு வேண்டும். நல்ல பிபிஎஃப் என்பது டிபியூ எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன். கனம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் அடிப்பூச்சான பிரைமரிலிருந்து மேற்பூச்சான கிளியர் கோட் வரை மொத்தப் பெயிண்ட்டே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஆக, பெயிண்ட்டைவிடக் கனமான, இழுபடக்கூடிய ஒரு தோலை மேலே போர்த்துகிறோம். சிறு கல் வந்து அடித்தால் அந்தத் தோல் அமுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். துணியால் துடைப்பதில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். ஆனால் பக்கத்து வண்டிக் கதவு இடித்தால் விழும் நெளிவை இது தடுக்காது. பைக்கின் ஃபுட்ரெஸ்ட் ஆழமாகக் கிழித்துக்கொண்டு போனால் ஃபிலிமும் கிழியும். செராமிக் கோட்டிங்கையும் இதையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் உண்டு. கோட்டிங் மிக மெல்லிய படலம். பளபளப்பு தரும், கழுவுவதைச் சுலபமாக்கும். கல்லடிக்கு அது பதில் இல்லை.

கல்லடிதான் உங்கள் முக்கியப் பிரச்சினை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம் என்று போகிற உங்கள் என்.எச். 44 வழியில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களுக்குக் குறைவே இல்லை. சிதறிக் கிடக்கும் ஜல்லியை முன்னால் போகும் வண்டியின் டயர் பின்னோக்கி எறிகிறது, நீங்கள் அதை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறீர்கள். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60-ல் போகும்போது விழும் அடியைவிட 100-ல் விழும் அடி ஏறக்குறைய மூன்று மடங்கு. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் ஐந்து வருடம் கழித்தும் பானெட் சுத்தமாக இருப்பதும், வாரா வாரம் ஹைவே ஏறும் வண்டியின் பானெட்டில் ஒரே வருடத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதும் இதனால்தான். டிப்பருக்குப் பின்னால் மூன்று நொடி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். எந்த ஃபிலிமும் அதற்கு ஈடாகாது.

எங்கே அடி விழும் என்று ஊகிக்கவும் வேண்டாம். உங்கள் மாடலிலேயே மூன்று, நான்கு வருடம் ஹைவேயில் ஓடிய வண்டி ஒன்றை ஆபீஸ் பார்க்கிங்கிலோ சர்வீஸ் சென்டரிலோ தேடிப் பிடியுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். பம்பர், பானெட்டின் முன்விளிம்பு, மிரர்களின் முன்பக்கம், கண்ணாடிக்கு மேலே கூரை தொடங்கும் விளிம்பு, இந்த இடங்களில் புள்ளிகள் குவிந்திருக்கும். எஸ்யூவியின் முகம் நிமிர்ந்திருப்பதால் பானெட்டின் முன்விளிம்பு நேரடியாக அடி வாங்கும். கதவுகளிலும் டிக்கியிலும் கல் தழும்பு அபூர்வம். முழு வண்டிக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். கதவுக்கும் டிக்கிக்கும் கூரைக்கும் கொடுக்கிற பணம் பெரும்பாலும் துடைப்புக் கீறலைத் தடுக்கத்தான் போகிறது. அதற்கு ஒழுங்கான மைக்ரோஃபைபர் துணியும், காய்ந்த தூசியைத் துணியால் தேய்க்காத பழக்கமும் போதும். அபார்ட்மெண்டில் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பவர் உங்கள் வண்டியையும் துடைக்கிறார் என்றால், அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

சரி, பானெட்டா பம்பரா என்று வந்தால்? எண்ணிக்கையில் பம்பர்தான் அதிக அடி வாங்கும். ஆனாலும் ஒன்றுதான் முடியும் என்றால் நான் பானெட்டையே சொல்வேன். பம்பர் பிளாஸ்டிக். பெயிண்ட் பெயர்ந்தாலும் துருப்பிடிக்காது. மூன்று, நான்கு வருடம் கழித்துக் கழற்றி முழுவதுமாக மறுபெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். எப்படியும் ஊருக்குள் ஏதாவது ஒரு பைக் அதன் மூலையை உரசிவிட்டுத்தான் போகும். பானெட் பெரும்பாலான வண்டிகளில் இரும்புத் தகடு. அதைவிட முக்கியம், ஃபேக்டரியில் பிளாஸ்டிக்கும் ஒயரும் பூட்டுவதற்கு முன்பு வெறும் பாடியாக இருக்கும்போது பெயிண்ட்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். வெளியே எவ்வளவு நல்ல பெயிண்ட் பூத்தில் அடித்தாலும் 60, 70 டிகிரிக்குமேல் போக முடியாது, பெயிண்ட்டின் வகையே வேறு. பானெட்டின் ஒரிஜினல் பெயிண்ட் போனால் போனதுதான். பழைய வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் சந்தேகப்படுவதும் மறுபெயிண்ட் அடித்த பானெட்டைப் பார்த்துத்தான்.

உங்களுக்கு இரண்டையும் செய்யலாம், செய்யுங்கள். வாரம் ஒரு ஹைவே ஓட்டம் இருக்கும்போது பம்பரை விட்டுவிடுவது சரியாக இருக்காது.

பாதி பானெட்டுக்கு வருவோம். முன்விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்கு மட்டும் ஒட்டுவது முன்பு பரவலாக இருந்த முறை. ஃபிலிம் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். அந்த ஓரத்தில் தூசியும் பாலிஷும் சேர்ந்து கோடு நாளுக்கு நாள் எடுப்பாகத் தெரியும். உங்களுடையது போன்ற அடர்நிற வண்டியில் அது வெளிர்க் கோடாகவும், வெள்ளை வண்டியில் அழுக்குக் கோடாகவும் நிற்கும். சில வருடம் கழித்து ஃபிலிமை எடுத்தால், மூடியிருந்த பாதியும் வெயில் பட்ட பாதியும் வேறு வேறு நிறத்தில் தெரியவும் வாய்ப்பு உண்டு. மிச்சமாகும் காசும் பெரிதில்லை. ஃபிலிம் ரோல் பொதுவாக ஐந்து அடி அகலம், சுமார் 15 மீட்டர் நீளம். உங்கள் பானெட்டை ஒரே துண்டில் மூட அந்த ரோலிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் வெட்டினால் போதும். முழுதாக ஒட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்டால் கோடே இருக்காது. கூரையின் முன்விளிம்பில் மட்டும் நான்கைந்து அங்குலப் பட்டையாக ஒட்டலாம். அந்தக் கோடு கண் மட்டத்துக்கு மேலே இருப்பதால் உறுத்தாது.

பலர் மறந்துவிடும் இடம் ஹெட்லைட். இன்றைய ஹெட்லைட்டின் முகம் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு கல்லடியிலும் வெயிலிலும் தேய்ந்துபோனால் மஞ்சளாகி மங்கும், இரவில் வெளிச்சம் குறையும். எல்இடி ஹெட்லைட் ஒன்றை மாற்ற என்ன விலை என்று உங்கள் டீலரிடமே கேட்டுப் பாருங்கள். இரண்டு ஹெட்லைட்டுக்கும் தேவைப்படும் ஃபிலிம் மிகக் கொஞ்சம். கதவுகளுக்கு முன்னால் இதற்குத்தான் நான் பணம் ஒதுக்குவேன். ஒரே நிபந்தனை, தெளிவான ஃபிலிமாக இருக்க வேண்டும். ஸ்மோக் நிறத்தில் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

முன் ஃபெண்டர்களைப் பற்றி யோசிக்க வேண்டும். செடான், ஹேட்ச்பேக் வண்டிகளில் சக்கரம் எறியும் கல், சக்கர வளைவின் விளிம்பிலும் அதற்குப் பின்னால் கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) பகுதியிலும், பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள வளைவிலும் அடிக்கும். அங்கெல்லாம் ஃபிலிம் அவசியம். உங்கள் எஸ்யூவியில் அந்த இடங்களை வைத்தே கறுப்பு நிறச் சொரசொரப்பான பிளாஸ்டிக் உறை, அதாவது கிளாடிங் கொடுத்திருப்பார்கள். அந்தக் கிளாடிங்கே கவசம். அதன்மேல் ஃபிலிம் ஒட்டவும் ஒட்டாது. ஆக, பட்ஜெட் இடித்தால் ஃபெண்டரை விட்டுவிடலாம். இடிக்கவில்லை என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சின்னச் சின்ன இடங்கள். மிரர் மூடிகள் கல்லும் வாங்கும், நெரிசலில் பைக் ஹேண்டில்பாரும் வாங்கும். கதவுக் கைப்பிடிக்குப் பின்னாலுள்ள குழியில் நகமும் மோதிரமும் கீறும். டிக்கியில் அரிசி மூட்டையையும் சூட்கேஸையும் ஏற்றும்போது பின்பம்பரின் மேல்முகம் தேயும். பிள்ளைகள் ஷூவோடு ஏறும் வாசற்படிப் பட்டை. கதவுகளுக்கு நடுவே கறுப்பாகப் பளபளக்கும் தூண் பட்டி, அதில் துணி பட்டாலே கோடு விழும். இவை எல்லாம் பானெட்டுக்கு வெட்டிய ஃபிலிமின் மிச்சத் துண்டுகளிலேயே வந்துவிடும். பானெட், பம்பர் வேலையைப் பேசும்போதே இவற்றையும் சேர்த்துப் பேசுங்கள். தனியாக வந்து கேட்டால் தனித்தனி விலை சொல்வார்கள். கதவு விளிம்புக்கு ரப்பர் பீடிங் போடுகிறார்களே, அதைவிட மெல்லிய ஃபிலிம் பட்டை நல்லது. பீடிங்குக்குள் தண்ணீரும் மண்ணும் தங்கிவிடும்.

ஒட்டக் கூடாத இடங்களும் உண்டு. பார்க்கிங் சென்சார்களைச் சுற்றி வெட்டிவிடச் சொல்லுங்கள். கேமரா லென்ஸை மூடக் கூடாது. முன்னால் ரேடார் இருக்கும் வண்டி என்றால், அந்த இடத்தை மூடலாமா என்று உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முன்கண்ணாடிக்கு இந்த ஃபிலிம் ஆகாது.

கடையில் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரு துண்டு ஃபிலிம். பிவிசி ஃபிலிமையும் பிபிஎஃப் என்று சொல்லி விற்கிறார்கள். விலை பாதிகூட இருக்காது. நம் வெயிலில் சீக்கிரமே மஞ்சளித்து, விறைத்து, எடுக்கும்போது பொடிப்பொடியாக உரியும். துண்டை இழுத்துப் பாருங்கள். டிபியூ ரப்பர்போல நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். பித்தளை பிரஷால் மெல்லக் கீறிவிட்டு வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். நல்ல ஃபிலிமில் கீறல் கண்ணெதிரே மறையும். ரோலின் சீரியல் எண்ணோடு வாரண்டி அட்டை தருவார்களா, மஞ்சளிப்பதும் ஓரம் எழும்புவதும் வாரண்டியில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஒட்டும் முறையும் முக்கியம். உங்கள் மாடலின் அளவைக் கம்ப்யூட்டரில் எடுத்து பிளாட்டர் எனும் வெட்டும் மெஷினில் வெட்டி ஒட்டுகிறார்களா, வண்டிமேலேயே பிளேடால் வெட்டுகிறார்களா? கை தேர்ந்தவர் வண்டிமேல் வெட்டினாலும் பெயிண்ட்டில் கோடு விழாது. ஆனால் அவர் கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. தெரியாத கடை என்றால் பிளாட்டர்தான் பாதுகாப்பு. ஒட்டுவதற்கு முன் பெயிண்ட் கனம் காட்டும் மீட்டரை பானெட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டியிலும் யார்டில் அடிபட்டு டச்-அப் செய்தது இருக்கலாம். மற்ற இடங்களில் 120 மைக்ரான் காட்டி ஒரு இடத்தில் மட்டும் 200, 250 என்று ஏறினால் அங்கே மறுபெயிண்ட் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் பின்னாளில் ஃபிலிமை உரித்தால் பெயிண்ட்டும் கூடவே வரும் ஆபத்து உண்டு.

வண்டியை எடுக்கும்போது நீர்க் கொப்புளம் சில தெரிந்தால் கவலைப்படாதீர்கள், சில நாளில் வற்றிவிடும். உள்ளே சிக்கிய தூசியும் முடியும் வற்றாது. அவற்றை அப்போதே காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் கழுவ வேண்டாம். அதன்பிறகும் பிரஷர் வாஷரை ஓரங்களில் நேராகப் பிடிக்க விடாதீர்கள். ஆயுத பூஜைக்கு பானெட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்தால் அன்று மாலையே கழுவிவிடுங்கள், சாயம் ஃபிலிமின் மேற்பூச்சில் இறங்கிக் கறையாக நிற்கலாம். பறவை எச்சத்துக்கும் இதே விதிதான்.

இந்த வாரமே சேலம் போகிறீர்கள் என்றால் போவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் அதற்கு டச்-அப் வைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒட்டச் சொல்லுங்கள். பணம் பற்றாமல் போனால் ஃபெண்டரை முதலில் விடுங்கள், அடுத்து கூரைப் பட்டையை. பானெட்டும் பம்பரும் ஹெட்லைட்டும் பட்டியலில் கடைசிவரை இருக்கட்டும்.