பதினாறாவது பெட்டியில் என்ன எழுத்து?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நாலு வருடம் வேலை செய்தேன். மணிக்கு 22 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம், இடைக்கிடை ஓவர்டைமும் வரும். போன வெள்ளிக்கிழமை லே ஆஃப் என்று சொல்லிவிட்டார்கள். நோட்டீசுக்குப் பதிலாக நாலு கிழமைச் சம்பளமும் விடுமுறைக் காசும் தந்தார்கள். சூப்பர்வைசர், 'நீங்களாகவே விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், பிறகு திருப்பி எடுக்க லேசாக இருக்கும்' என்கிறார். மச்சாளோ, கையில் இருக்கிற காசு முடிந்த பிறகுதான் ஈ.ஐ.க்கு, அதாவது வேலையிழப்புக் காப்புறுதிக்கு, விண்ணப்பம் போடவேண்டும் என்கிறாள். தெரிந்தவரின் ரேக்அவுட் கடையில் சனி, ஞாயிறு உதவிக்குக் கூப்பிடுகிறார்கள், கையில் காசு. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கும் கடும் சுகவீனம், ஒருக்கால் போய்வர வேண்டும். எனக்கு ஈ.ஐ. கிடைக்குமா? எவ்வளவு, எப்போது?"

கிடைக்கும். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். மற்றக் கேள்விகளுக்கு ஆறுதலாக வருகிறேன், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்து வருடக்கணக்காக ஆர்.ஓ.ஈ. நிரப்பியவன் நான். வேலை நின்றதும் முதலாளி, ஈ.ஐ.யைக் கவனிக்கிற மத்திய அரசு அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு அனுப்ப வேண்டிய படிவம் அது. அதில் மூன்று இடங்கள்தான் உங்கள் தலைவிதி. 15ஏ என்ற பெட்டியில் நீங்கள் வேலை செய்த மணித்தியாலங்கள். 15பி, 15சி பெட்டிகளில் உழைத்த காசு. 16-ஆவது பெட்டியில் ஒரேயொரு எழுத்து: வேலை ஏன் நின்றது என்பதற்கான குறியீடு. வேலை குறைந்ததால் நிறுத்தினால், அல்லது ஒப்பந்தம் முடிந்தால் 'ஏ'. தானாக விலகினால் 'ஈ'. நிர்வாகம் நீக்கினால் 'எம்'. இவற்றில் அடங்காதது 'கே'.

'ஏ' என்றால் கோப்பு பெரும்பாலும் கேள்வி இல்லாமல் நகரும். 'ஈ' விழுந்தால் அதிகாரி ஒருவர் உங்களை அழைப்பார்: ஏன் விலகினீர்கள், விலகாமல் இருக்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று கேட்பார். நியாயமான காரணம் இல்லாமல் விலகியதாக முடிவானால் ஈ.ஐ. இல்லை. அதோடு முடியாது, அந்த நாள்வரை சேர்த்த மணித்தியாலங்களும் போய்விடும், வேறு வேலையில் பூச்சியத்திலிருந்து சேர்க்க வேண்டும். நாலு வருட உழைப்பை ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பது போலத்தான். திருப்பி எடுக்கிற எண்ணம் நிறுவனத்துக்கு உண்மையாகவே இருந்தால் அதற்கு உங்கள் விலகல் கடிதம் தேவையே இல்லை. லே ஆஃப் செய்தவரைத்தான் திருப்பி அழைப்பது வழக்கம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட யாரும் இதைப் படித்தால், நடந்ததை நடந்தபடி சேர்விஸ் கனடாவுக்குச் சொல்லுங்கள். லே ஆஃப் பற்றி வந்த குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். தானாக விலகிய எல்லோருக்கும் கதவு மூடியது என்றும் இல்லை. பாலியல் தொந்தரவு, பாகுபாடு, ஆபத்தான வேலையிடம், கொடுக்காத ஓவர்டைம் காசு, கணவனோ மனைவியோ வேறு ஊருக்கு மாறுவது போன்றவற்றைச் சட்டமே காரணமாக ஏற்கிறது. விலகுவதைத் தவிர நியாயமான வேறு வழி இருக்கவில்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். 'எம்' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வேகம் போதாது, வேலை பிடிபடவில்லை என்று நிறுத்தினால் அது ஈ.ஐ. கண்ணில் குற்றம் ஆகாது. தெரிந்துகொண்டே செய்த தவறு என்றால்தான் மறுப்பார்கள்.

சரி, மச்சாளின் யோசனைக்கு வருவோம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் தப்பு. கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 4 வாரத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பிந்தினால் முன் திகதியிட்டு ஏற்கும்படி கேட்கலாம்தான். அதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். "சொந்தக்காரர் சொன்னார்" என்பதை அங்கே காரணமாக எடுக்கமாட்டார்கள்.

ஆர்.ஓ.ஈ. கைக்கு வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். இப்போது அநேகமான நிறுவனங்கள் அதை இணையவழியே அனுப்புகின்றன; வேலை நின்ற சம்பளக் காலம் முடிந்து 5 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. உங்கள் சேர்விஸ் கனடாக் கணக்கில் அதைப் பார்க்கலாம். வந்ததும் 16-ஆவது பெட்டியைப் பாருங்கள். 15ஏ-யில் உள்ள மணித்தியாலத்தை உங்கள் பே ஸ்டப்களோடு (சம்பளத் துண்டுகளோடு) ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டச்சில் ஒரு இலக்கம் விழுந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். அனுப்பாமல் இழுத்தடித்தால் பே ஸ்டப்களை வைத்துக்கொண்டு சேர்விஸ் கனடாவிடமே சொல்லலாம்.

விண்ணப்பத்துக்கு சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), வங்கிக் கணக்கு விவரம், கடந்த 52 வாரத்தில் வேலை செய்த இடங்களின் விவரம் போதும். பெற்றோரில் ஒருவரின் பிறப்புக் குடும்பப்பெயரும் கேட்பார்கள். நம் ஆட்கள் தடுமாறுகிற இடம் இது, ஏனென்றால் அம்மாவுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. தாத்தாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். எதைப் போட்டாலும் பரவாயில்லை, போட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அப்புறம் காசு. ஈ.ஐ. எடுப்பதை ஏதோ தருமம் வாங்குவது போலக் கூசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி பற்றி 1935-இல் ஒட்டாவா போட்ட முதல் சட்டம், இது மாகாணங்களின் விஷயம் என்று நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு 1940-இல் அரசியலமைப்பையே திருத்தித்தான் கொண்டுவந்தார்கள்; 1941-இல் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கினார்கள். இன்றைய பெயர் 1996-இல் வந்தது. 1990-க்குப் பிறகு மத்திய அரசு தன் பங்கைப் போடுவதில்லை. தொழிலாளியும் முதலாளியும் கட்டுகிற காசில்தான் நடக்கிறது. 2025-இல் 100 டொலருக்கு 1.64 டொலர் உங்களிடமிருந்து பிடித்தார்கள், முதலாளி அதைப்போல 1.4 மடங்கு கட்டினார். உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கே அது வருடம் சுமார் 750 டொலர். கட்டிய காப்புறுதியைக் கேட்க என்ன கூச்சம்?

தகுதிக்கு, கடந்த 52 வாரத்தில் 420 முதல் 700 மணித்தியாலம் வரை வேண்டும். எவ்வளவு என்பதை நீங்கள் இருக்கும் பகுதியின் வேலையின்மை வீதம் தீர்மானிக்கும். 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே என்றால் 700, 13 சதவீதத்துக்கு மேலே என்றால் 420. வேலை கிடைப்பது கஷ்டமான இடத்தில் வாசல் அகலம். உங்களிடம் 2,000-க்கு மேல் இருப்பதால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தொகையை எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் நிறையப் பேர் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். 52 வாரத்தில் நீங்கள் அதிகம் உழைத்த வாரங்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். எத்தனை வாரம் என்பதும் பகுதியைப் பொறுத்து 14 முதல் 22 வரை மாறும். உங்கள் பகுதியில் வேலையின்மை 8.1-க்கும் 9 சதவீதத்துக்கும் இடையில் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 19 வாரம். ஓவர்டைம் செய்த வாரங்கள் தாமாக மேலே வந்துவிடும். அந்த 19 வாரத்தில் மொத்தம் 18,050 டொலர் உழைத்திருந்தால் சராசரி 950. அதில் 55 சதவீதம், வாரத்துக்கு 522.50 டொலர். இதற்கு உச்சவரம்பும் உண்டு. 2025-இல் அது 695 டொலர், ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். எத்தனை வாரம் கிடைக்கும் என்பது 14 முதல் 45 வரை. உங்களைப் போல வருடம் முழுக்க உழைத்தவருக்கு, வேலையின்மை மிகக் குறைந்த பகுதியில்கூட 36 வாரம் வரும். இந்தக் காசுக்கு வருமான வரியும் உண்டு. பிடிக்கிற வரி சில வேளை போதாமல் போகும், வசந்த காலத்தில் வரிக்கணக்குப் போடும்போது திடுக்கிட வேண்டாம்.

எப்போது வரும்? வழக்கமான விதிப்படி, நோட்டீசுக்குப் பதிலாக வந்த சம்பளமும் விடுமுறைக் காசும் வருமானமாகவே எண்ணப்படும். நாலு வாரச் சம்பளம் 3,520 டொலர். விடுமுறைக் காசு 1,760 என்று எடுத்தால் மொத்தம் 5,280. உங்கள் சாதாரண வாரச் சம்பளம் 880 ஆல் பிரித்தால் 6 வாரம். அந்த 6 வாரத்துக்கு ஈ.ஐ. இல்லை, அடுத்த ஒரு வாரம் காத்திருப்பு வாரம், எட்டாவது வாரத்திலிருந்து காசு. அந்த ஆறு வாரமும் உங்களுக்குச் சேரவேண்டிய வாரங்களிலிருந்து கழியாது, பின்னால் தள்ளிப்போகும், அவ்வளவே. 2025 மார்ச் 30 முதல், அந்தக் காசை வருமானமாக எண்ணுவது, காத்திருப்பு வாரம் ஆகிய இந்த இரண்டு விதிகளையும் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அது காலவரையறை உள்ள ஏற்பாடு. விண்ணப்பிக்கிற அன்று அமலில் இருக்கிறதா என்று சேர்விஸ் கனடாத் தளத்தில் பாருங்கள்.

விண்ணப்பித்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். அங்கேதான் ரேக்அவுட் கடை வருகிறது. வேலை செய்யலாம், தடையே இல்லை. உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் ஈ.ஐ.யில் குறையும், உங்கள் வாரச் சராசரியின் 90 சதவீதம் வரை இந்தக் கணக்கு, அதற்கு மேல் டொலருக்கு டொலர் குறையும். கடையில் வாரம் 200 டொலர் உழைத்தால் ஈ.ஐ. 422.50 ஆகும், மொத்தம் 622.50. சும்மா இருப்பதைவிட 100 டொலர் கூட. காசை எப்போது கையில் தந்தார்கள் என்பது கணக்கில்லை. எந்த வாரம் வேலை செய்தீர்களோ அந்த வாரத்தில், வரி பிடிக்கும் முன் உள்ள தொகையைச் சொல்ல வேண்டும்.

கைக்காசு என்றாலும் அறிவிக்கத்தான் வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரும், அடுத்த முறை தகுதி பெற வேண்டிய மணித்தியாலமும் கூடும். இன்னொன்று, புத்தகத்தில் இல்லாத வேலையில் உங்களுக்கு ஒரு மணித்தியாலம்கூடச் சேராது. என்னைக் கேட்டால், பே ஸ்டப் தருவீர்களா என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

யாழ்ப்பாணப் பயணம். ஈ.ஐ. எடுக்கும் காலத்தில் கனடாவுக்கு வெளியே இருந்தால் பொதுவாகக் காசு இல்லை. விதிவிலக்கு உண்டு: பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் கடும் நோயில் இருந்தால் பார்க்கப் போக, தொடர்ந்து 7 நாள் வரை. கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, திரும்பி வரவே இரண்டு மூன்று நாள் கரைந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். அதற்கு மேல் நிற்கலாம், அந்த நாட்களுக்குக் காசு வராது, அவ்வளவுதான். ஆகவே வழக்கமான விதி அமலில் இருந்தால், முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, எப்படியும் காசு வராத அந்த 6 வாரத்துக்குள் போய்வருவது நட்டமில்லாத வழி. வெளியே இருந்த நாட்களை அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டும். இங்கே இருக்கிற தங்கையிடம், அறிக்கை கொடுப்பதற்கான நாலு இலக்க இரகசிய எண்ணைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் இல்லை என்று அமத்து" என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. எல்லைச் சேவை நிறுவனத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாடு திரும்பிய திகதி உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமில்லை.

அம்மாவின் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் எழுதித் தருகிற நிலை என்றால், குடும்பத்தவரைக் கவனிப்பதற்கான தனிப் பலன் ஒன்று ஈ.ஐ.யிலேயே இருக்கிறது, 15 வாரம் வரை. அதன் விதிகள் வேறு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அழைத்துக் கதையுங்கள்.

இங்கே இருக்கும் நாட்களில் வேலை தேட வேண்டும். எங்கே, எந்தத் திகதியில், யாருக்கு அனுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள்; 6 வருடம் வரை கேட்கலாம். ஏதோ காரணத்தால் மறுப்புக் கடிதம் வந்தால், அந்த முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மீளாய்வு கேளுங்கள். கட்டணம் இல்லை. அதிலும் மறுத்தால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போக மறுபடி 30 நாள் உண்டு. கடிதம் தபாலில் வந்தால் உறையையும் எறியாமல் வையுங்கள், எந்தத் திகதியில் அனுப்பினார்கள் என்று அதில்தான் இருக்கும்.